பாவுகிட்ட சொன்னது

சினம் தணிந்த மலை என்று எங்கள் ஊருக்குப் பெயர். சூரனோடும் வேடர்களோடும் சண்டை போட்ட கோபமெல்லாம் இங்கே வந்ததும் முருகனுக்கு அடங்கிப்போயிற்றாம். அதனால்தான் மற்ற ஊர்களில் கந்த சஷ்டிக்குச் சூரனை வதம் செய்கிற நேரத்தில் திருத்தணியில் பூவைக் கொட்டுகிறார்கள். நல்லது. சாமிக்கு வேல் இருக்கிறது, மயில் இருக்கிறது, இரண்டு பெண்டாட்டி இருக்கிறார்கள். கோபம் தணிந்தால் நஷ்டமில்லை. எனக்கு இருந்தது ஒரே ஒரு புருஷன். எனக்குத் தணியவில்லை, நான் தணிய விடவும் இல்லை. அந்தக் கோபத்தை எப்படிக் காப்பாற்றி வளர்த்தேன் என்பதைச் சொல்கிறேன்.

என் பெயர் கோமளவல்லி. பிறந்த வீடு நகரிப் பக்கம், வாக்கப்பட்டது திருத்தணி மலையடியில் இருக்கிற நெசவாளர் தெரு. எழுபத்தொன்றில் அரசாங்கம் சாராயக் கடையைத் திறந்துவிட்டது. எங்கள் தெருவில் தறிச் சத்தம் குறைந்து சண்டைச் சத்தம் கூடியது. என் வீட்டுக்காரர் துளசிங்கமும் குடித்தார். நெய்த வேட்டியை முதலாளியிடம் போட்டுவிட்டு வீடு வந்து சேர்வதற்குள் பாதிக் கூலி கரைந்திருக்கும். மீதியை நான் சண்டை போட்டு வாங்குவேன்.

அப்போதுதான் ஆதிகேசவன் ஐயா வந்தார். வந்தார் என்றால் வெளியூரிலிருந்து இல்லை. எங்கள் தெருக்கோடியிலேயே நூல் கடை வைத்திருந்தவர்தான். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து மேலே போனவர் ஒரு மண்டலம் இறங்கவே இல்லை. நாற்பத்தெட்டாம் நாள் இறங்கி வந்து கடையை மூடினார். உள்ளே இருந்த நூலையெல்லாம் மாட்டு வண்டியில் ஏற்றி வீடு வீடாக இறக்கினார்.

“இது முருகனோட நூலு. தறியும் அவனோடதுதான். நாம்பெல்லாம் அவனுக்குக் கூலிக்காரங்க. அவன் குடுக்கிறதை எல்லாரும் சமமா பிரிச்சி சாப்பிடலாம், வாங்க” என்றார்.

நாற்பத்திரண்டு வீடு அவர் பின்னால் போனது. தணிகை அன்புச் சங்கம் என்று பெயர் வைத்தார். காலையில் தறியில் நூல் ஓட்டும் நாடாவைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் கண்ணை மூட வேண்டும். முதலாளி கிடையாது. வேட்டி விற்று வருவது எல்லா வீட்டுக்கும் ஒரே பங்கு, நோயாளி இருக்கிற வீட்டுக்கு மட்டும் கூடுதல் பங்கு. குடிக்கக் கூடாது. மாதா மாதம் கிருத்திகையன்று எல்லோரும் சேர்ந்து படியேறிச் சாமி பார்த்துவிட்டு, மத்தியானம் சரவணப் பொய்கைக்குப் பக்கத்து மடத்தில் கூட வேண்டும். பொய் சொல்ல மாட்டேன், நன்றாக இருந்தது. முதன்முதலில் குடியை விட்ட நாலு பேரில் என் வீட்டுக்காரர் ஒருவர். மூன்று வருஷம் நான் அவரோடு சண்டையே போடவில்லை. வாய் துருப்பிடித்துவிடும்போல இருந்தது.

மடத்துக் கூட்டத்தில் மனம் திறப்பு என்று ஒன்று நடக்கும். தப்பு செய்தவர் எழுந்து நின்று தன் வாயால் சொல்ல வேண்டும். தறியை நிறுத்திவிட்டு மேட்னி ஷோ போனேன் என்பான் ஒருத்தன். மாமியாருக்குப் பழைய குழம்பை ஊற்றிவிட்டுப் புதுக் குழம்பென்று சொன்னேன் என்பாள் ஒருத்தி. கேட்டு முடித்ததும் எல்லோரும் சேர்ந்து, “தணிந்தது” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், அந்தத் தப்பைப் பற்றி அப்புறம் யாரும் பேசக் கூடாது. ஆனால் யாருக்குத் தீங்கு நடந்ததோ அவர் அந்த வார்த்தையைச் சொன்னால்தான் அது செல்லும். அவர் சொல்லாதவரை, தப்பு செய்தவர் சங்கத்தில் உட்காரக் கூடாது, அவருடைய பாவுக்கு யாரும் கை கொடுக்கவும் கூடாது.

நெசவு தெரியாதவர்களுக்கு இது சின்ன தண்டனையாகத் தெரியலாம். தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. அதைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு, ஈரம் காய்வதற்குள் இரண்டு பக்கமும் பிரஷ்ஷால் இழுத்து இழுத்து ஆற்ற வேண்டும். எட்டுக் கையாவது வேண்டும். இன்று என் பாவுக்கு நீ வருவாய், நாளை உன் பாவுக்கு நான் வருவேன். கூலி கிடையாது. அந்தக் கை வரவில்லை என்றால் தறி நின்றுவிடும்.

இன்னும் இரண்டு பழக்கம் ஐயா கொண்டுவந்தார். கூட்டத்தில் சொல்ல வெட்கப்படுகிறவர்கள், விடியற்காலையில் இழுத்துக் கட்டிய பாவின் முன் தனியாக நின்று அதனிடம் சொல்லிவிடலாம். “பாவுகிட்ட சொல்லு. அதுக்கு ஆயிரம் காது” என்பார். ஜனங்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. மற்றொன்று, சங்கத்துக்குள் மாமன், மச்சான் என்று உறவு சொல்லிக் கூப்பிடக் கூடாது. அவர் மனைவியின் தம்பி சடகோபன்தான் வீட்டுக்கு வீடு நூல் பிரித்துக் கொடுக்கிறவன். அவனும் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவான்.

எழுபத்தைந்து பங்குனியில் மெட்ராஸ் வியாபாரி ஒருவர் ஒரு கட்டு வேட்டியைத் திருப்பி அனுப்பினார். ஒரு தடவை தண்ணீரில் நனைத்ததும் சுருங்கித் துண்டு போலாகிவிட்டதாம். ஒவ்வொரு வீட்டுக்கும் வேட்டிக் கரையோரம் ஒரு அடையாள இழை உண்டு. இதில் இருந்தது பச்சை. அது எங்கள் வீட்டு இழை.

“நல்ல நூலை வித்துட்டு மட்ட நூலை ஊடைல கோத்து நெஞ்சிருக்கான்” என்று கூட்டத்தில் பேச்சு வந்தது.

என் வீட்டுக்காரர் எழுந்து, “குடுத்த நூலைத்தாங்க நெஞ்சேன்” என்றார்.

சடகோபன், “எல்லாருக்கும் எண்பதாம் நம்பர் நூலுதாங்க குடுத்தேன். முருகன் மேல ஆணை” என்றான்.

நூல் சொரசொரவென்று இருக்கிறது என்று இவர் முன்பே சடகோபனிடம் சொல்லியிருந்தார். எனக்குத் தெரியும், நான் பக்கத்தில் இருந்தேன். “முருகன் குடுத்த நூலுக்கே குத்தம் சொல்றியா?” என்று அவன் கேட்டான். அதற்கு மேல் பக்தியுள்ள மனுஷன் என்ன பேசுவான்? கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்து நெய்தார். வேறு தெருவாக இருந்தால் நூலை அவன் முகத்தில் விட்டெறிந்திருப்பார். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வந்ததுதான் அவர் செய்த ஒரே தப்பு. கூட்டத்தில் நான் இதைச் சொன்னேன். பெண்டாட்டி புருஷனுக்காகத்தான் பேசுவாள் என்று விட்டுவிட்டார்கள்.

ஐயா கோபப்படவில்லை. அவர் எப்போதுமே கோபப்பட மாட்டார். “துளசிங்கம், சொல்லிடுப்பா. சொன்னா அடுத்த நிமிசம் தணிஞ்சிடும்” என்றார்.

“செய்யாததை இன்னான்னுங்க சொல்றது?”

“அப்போ ஒரு மண்டலம் நாங்க காத்துகினு இருக்கோம். யாரும் உன்னைத் திட்ட மாட்டாங்க. பாவுக்கு மட்டும் கை வராது.”

இதற்கு அன்பு மௌனம் என்று பெயர் வைத்தார் அந்த மனுஷன். அடித்திருந்தால் தாங்கியிருப்போம். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டி வயிற்றெரிச்சலைத் தீர்த்துக்கொண்டிருப்பேன். கும்பிட்டுக்கொண்டே கழுத்தை நெரித்தார்கள்.

இருபதாம் நாள் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே பாவைத் தெருவில் இழுத்துக் கட்டினோம். சித்திரை மாதம். கஞ்சி போட்டு, அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக ஆற்றிக்கொண்டு ஓடினோம். பாதிப் பாவு ஆற்றுவதற்குள் வெயில் வந்துவிட்டது. கஞ்சி காய்ந்து இழையோடு இழை ஒட்டி, மொத்தப் பாவும் கட்டை கட்டையாக விறைத்துப்போயிற்று. எதிர் வீட்டுக் குப்பம்மாள் எனக்கு உயிர்ச் சிநேகிதி. வாசற்படியில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். கை மட்டும் வரவில்லை. தெருக்கோடியில் ஆதிகேசவன் ஐயாவும் நின்றிருந்தார். அவரும் அழுதார். அதைப் பார்த்து, இவ்வளவு தூரம் நமக்காக வருத்தப்படுகிறாரே என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தக் கும்பிடை நினைத்தால் இப்போதும் கை கூசுகிறது.

மண்டலம் முடிந்தும் இவர் தப்பை ஒப்புக்கொள்ளவில்லை. பள்ளிப்பட்டில் பவர்லூம் கொட்டகைக்குக் கூலியாகப் போனார். அதற்குள் நம் பக்கத்தில் அரசாங்கமே சாராயக் கடையை மூடியிருந்தது, ஆனால் நாலு மைல் நடந்தால் ஆந்திரா. மூன்று வருஷம் விட்டிருந்த குடியை வட்டியும் முதலுமாகக் குடித்தார். அடுத்த வருஷம் ஐப்பசியில் வயிறு வீங்கி, அந்தக் கொட்டகையிலேயே செத்தார்.

பிணத்தைக் கொண்டுவந்தபோது நாற்பத்தொரு வீடும் வந்தது. பாடை கட்ட அத்தனை கை! எனக்குக் குழந்தை குட்டி கிடையாது. ஐயா என்னைச் சங்கத்தில் நாடாவுக்குள் போடும் தார்க்குச்சியில் நூல் சுற்றும் வேலையில் உட்கார வைத்தார், பங்கும் கொடுத்தார். பிறந்த வீட்டுக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். என் புருஷனைத் திருடன் என்று சொன்ன தெருவை விட்டு, அவன் திருடன் இல்லை என்று தெரிவதற்கு முன்னால் நான் எதற்குப் போக வேண்டும்? அவர்கள் சோற்றைத் தின்று அவர்கள் மேலிருந்த கோபத்தை வளர்த்தேன்.

எண்பத்திரண்டு மாசிக் கிருத்திகையன்று அது தெரிந்தது. அதற்குச் சில மாதம் முன்பு சடகோபனுக்குக் கழுத்தில் கட்டி வந்து, மெட்ராஸில் ஆபரேஷன் செய்து பிழைத்துத் திரும்பியிருந்தான். மனம் திறப்பில் அவன் எழுந்து நின்றான். குரல் கரகரவென்று வந்தது.

“துளசிங்கம் தப்பு பண்ணலைங்க. அவனுக்குக் குடுக்க வேண்டிய நல்ல நூலை வெளில வித்துட்டு, மட்ட நூலை மாத்திக் குடுத்தவன் நான்தான். ஏழு வருசமா சொமந்துகினு இருக்கேன். அப்பவே, பதினோராம் நாளே, பாவாகிட்ட சொல்லி அழுதேன். அப்பவும் ஆறல. இன்னிக்கு உங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்...”

அப்படியே தரையில் விழுந்தான். மடமே அழுதது. பக்கத்திலிருந்த குப்பம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “பாவம் கோமளா, அப்பவே பாவுகிட்ட சொல்லி அழுதிருக்கான் பாரு” என்றாள்.

எல்லோர் காதிலும் அப்படித்தான் விழுந்தது. பாவுகிட்ட சொல்லு என்று பத்து வருஷமாகக் கேட்டுப் பழகிய காது அல்லவா. என் காதில் அவன் சொன்னபடியே விழுந்தது. பாவுகிட்ட இல்லை, பாவாகிட்ட. எங்கள் பக்கத்தில் அக்கா புருஷனைத் தெலுங்கு மாதிரி பாவா என்றுதான் கூப்பிடுவோம். சடகோபனுக்கு இந்த ஊரில் இருப்பது ஒரே பாவா. சங்கத்துக்குள் சொல்லக் கூடாத உறவு, அழுகையில் வாய் தவறி வெளியே வந்துவிட்டது. மற்றவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள், நான் அழவில்லை. ஏழு வருஷமாகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தவளுக்கு ஒரு எழுத்து தப்புமா?

நிமிர்ந்து பலகையில் உட்கார்ந்திருந்த ஐயாவைப் பார்த்தேன். அவர் எப்போதும் மனம் திறப்பைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அன்றைக்குத் திறந்திருந்தார். கூட்டத்தில் வேறு யாரையும் பார்க்காமல் நேராக என்னைத்தான் பார்த்தார். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அதற்குள் நாலைந்து பேர் சடகோபனைத் தூக்கி நிறுத்தினார்கள். சாமிக்குப் போட்டிருந்த மாலையை எடுத்து அவன் கழுத்தில், அந்த ஆபரேஷன் தழும்பின் மேலேயே போட்டார்கள். எவ்வளவு பெரிய மனசு, ஒப்புக்கொண்டானே என்று ஆளாளுக்குக் கட்டிப்பிடித்தார்கள். என் புருஷனின் சாவுக்கு ஒரு மாலை கிடைத்தது, அது திருடன் கழுத்தில் விழுந்தது. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னால்தான் செல்லும்.

“தணிந்தது” என்றேன்.

சொன்ன வேகத்தைப் பார்த்து ஜனங்கள் அசந்துபோனார்கள். என் கழுத்திலும் ஒரு மாலை விழுந்தது. அவர்களுக்கு என்ன தெரியும்? சடகோபன் நூல்தான் திருடினான். அவனைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. பதினோராம் நாளே உண்மை தெரிந்தும் பாக்கி முப்பத்தேழு நாளும் கையைக் கட்டி நின்றவனிடம் அல்லவா எனக்கு வேலை இருந்தது.

மறுநாள் காலையில் ஐயா வீட்டு நூல் அறைக்குப் போனேன். தனியாக உட்கார்ந்திருந்தார். நான் வருவேன் என்று தெரிந்திருக்க வேண்டும், பக்கத்தில் எனக்கு ஒரு மணையும் போட்டு வைத்திருந்தார். நான் உட்காரவில்லை.

“பாவாகிட்ட சொன்னானாமே?” என்றேன்.

“உன் காதுல விழுந்திச்சா?”

“ஆங். விழுந்திச்சி.”

அவர் மறைக்கவில்லை. “பதினோராம் நாள் காலைல பூஜை ரூமுக்கு வந்து கால்ல விழுந்தான். வாயைத் தொறக்காதேன்னு நான்தான் சொன்னேன்.”

“அப்போ இருபதாம் நாள் தெருக்கோடில நின்னு அழுதீங்களே. அது இன்னாத்துக்கு?”

பக்கத்திலிருந்த நூல் கட்டைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: “சங்கம் அப்போ மூணு வயசுக் கொழந்தை மாதிரி கோமளா. என் மச்சினனே திருடன்னு தெரிஞ்சா ஒருத்தனும் நம்ப மாட்டான். நாப்பது வீடும் திரும்பக் குடிக்கப் பூடும். தறியெல்லாம் மறுபடி முதலாளி கைக்குப் பூடும். ஒரு வீடு தாங்கிக்கும்னு நெனச்சேன். மண்டலம் முடிஞ்சதும் நானே துளசிங்கத்தைக் கூப்ட்டு சேத்துக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவன் பள்ளிப்பட்டு போயிட்டான்.”

“அந்த ஒரு வீட்டை எப்டிங்க பொறுக்குனீங்க? சீட்டுக் குலுக்கிப் போட்டீங்களா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “தப்புதான். என்னால இனிமே முடியாது. வர்ற கிருத்திகைக்கு எல்லார் முன்னாடியும் எழுந்து சொல்லிடறேன். நீ கேக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன்.”

நான் அதைக் கேட்கத்தான் போயிருந்தேன். சொல்ல வைக்க வேண்டும், மடத்தில் நிற்க வைக்க வேண்டும் என்று படுத்துப் புரண்டு யோசித்து வைத்திருந்தேன். ஆனால், சொல்லிடறேன் என்ற வார்த்தை வாயிலிருந்து வந்ததும் அவர் முகம் கழுவி விட்டது போல் தெளிந்தது. அந்தத் தெளிச்சலைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த கிருத்திகையன்று என்ன நடக்கும் என்று கண் முன்னே தெரிந்தது. எழுந்து நிற்பார், சொல்வார், அழுவார். மடமே அழும். சடகோபனுக்கு ஒரு மாலை என்றால் இவருக்குப் பத்து மாலை. இவ்வளவு பெரிய மனுஷன் எவ்வளவு தாழ்ந்து நிற்கிறார் பார் என்று காலில் விழுவார்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். என் வீட்டுக்காரர் செய்யாத தப்புக்குச் செத்தார். இவர் செய்த தப்புக்குச் சாமியாகிவிடுவாரா?

“நீங்க சொல்லக் கூடாது” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை.

“சொன்னா நான் தணிந்ததுன்னு சொல்ல மாட்டேன். எப்பவும் சொல்ல மாட்டேன். அப்போ நீங்க போட்ட சட்டப்படி உங்களை வெளில தள்ளணும், உங்க பாவுக்கு ஒரு கையும் வரக் கூடாது. உங்களைத் தள்ளினா சங்கம் உடையும். தள்ளலைன்னா, அந்தச் சட்டம் துளசிங்கத்துக்கு மட்டுந்தான்னு ஊரே பாக்கும், அப்பவும் உடையும். நாப்பது வீடு முக்கியம்தானே உங்களுக்கு? காப்பாத்துங்க. வாயை மூடிகினு காப்பாத்துங்க.”

“எவ்ளோ நாளு கோமளா?”

“நீங்க இருக்கிற வரைக்கும்.”

அவர் அழவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. வெளியே வந்தபோது, ஏழு வருஷத்துக்குப் பிறகு பசி எடுத்தது. நேரே கடைத்தெருவுக்குப் போய் நாலு இட்லி சாப்பிட்டேன்.

அதன் பிறகு ஒரு கிருத்திகை நான் தவறியதில்லை. தங்கச்சி மகள் கல்யாணம் கிருத்திகையில் வந்தது, போகவில்லை. காய்ச்சலோடு படியேறியிருக்கிறேன். கோமளாக்கா மாதிரி பக்தி வராது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். சாமி கும்பிடப் போனேன் என்றா நினைக்கிறீர்கள்? காவலுக்குப் போனேன். மடத்தில் முதல் வரிசையில், அவர் பலகைக்கு நேர் எதிரே உட்காருவேன். ஒவ்வொருத்தராக எழுந்து தங்கள் தப்பைச் சொல்லிவிட்டு லேசாகி உட்காருவார்கள். அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். கடைசியில் அவர் கண் என் பக்கம் வரும். நான் பார்த்தபடியே இருப்பேன். மாதத்துக்கு ஒரு முறை அந்தக் கண்ணைப் பார்ப்பதற்காகவே மற்ற நாளெல்லாம் தார் சுற்றினேன்.

அவர் மெலிந்தார். ஒரு வேளைச் சாப்பாடு என்று ஆனது. தூக்கம் போயிற்று. ஜனங்கள், “ஐயா தவத்துல இருக்காரு” என்று சத்தத்தைக் குறைத்துப் பேசினார்கள். ஒருநாள் விடியற்காலையில் யாரோ இழுத்துக் கட்டியிருந்த பாவின் முன்னால் அவர் தனியாக நின்று உதட்டை அசைப்பதைப் பார்த்தேன். ஓடிப்போய்ப் பாவின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு, “சொல்லுங்க ஐயா, நானும் கேக்கறேன்” என்றேன். திரும்பிப் போய்விட்டார். நூலிடம்கூட அவரைச் சொல்ல விடவில்லை.

இது சரியா என்று எனக்கே கேள்வி வந்தது உண்டு. சங்கம் நன்றாக நடந்தது. குடித்துக் கெட்ட வீட்டுப் பிள்ளைகள் படித்து வேலைக்குப் போனார்கள். அத்தனையும் அவர் செய்தது. அதற்கெல்லாம் அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும். என் வீட்டுப் பாவு வெயிலில் விறைத்தபோது அவர் நின்ற இடம் எனக்குத் தெரியும். கேள்வி வரும்போதெல்லாம் அந்த இடத்தை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

எண்பத்தாறு ஆடிக் கிருத்திகை. ஊர் கொள்ளாத கூட்டம். பொய்கைக் கரை முழுக்கப் பூக்காவடி. மடத்துக் கதவெல்லாம் திறந்து கிடந்தது, வெளியூர்க்காரர்களும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேர் கைத்தாங்கலாக ஐயாவைக் கொண்டுவந்து பலகையில் உட்கார வைத்தார்கள். மனம் திறப்பு முடிகிற நேரம். அவர் திடீரென்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். என் பக்கம் பார்க்கவே இல்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

“நானும் ஒண்ணு சொல்லணும்” என்றார். “சங்கம் உடைஞ்சாலும் பரவாயில்ல. நம்ம துளசிங்கம்...”

நான் எழுந்து நின்றேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன். அடி வயிற்றிலிருந்து கத்தினேன்.

“வெற்றிவேல் முருகனுக்கு!”

திருத்தணியில் அதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க யாரால் முடியும்? “அரோகரா!” என்று மடம் இடிந்து விழுவது போல் குரல் வந்தது. வாசலில் நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பொய்கைக் கரையில் காவடி தூக்கியிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். சத்தம் படிக்கட்டு வழியாக மேலே போவது கேட்டது. அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் மறுபடி கத்தினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். ஐயாவே கை தூக்கிவிட்டார் என்று ஜனங்கள் இன்னும் உரக்க அரோகரா போட்டார்கள். எனக்குத் தொண்டை கிழிந்து ரத்த ருசி வந்தது. நிறுத்தவில்லை. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை, அவர் பலகையில் சரிந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்ளும்வரை கத்தினேன். எனக்குச் சாமி வந்துவிட்டது என்று இரண்டு பெண்கள் என் காலில் விழுந்தார்கள். அவர்கள் தலையைத் தொட்டு ஆசீர்வாதம்கூடச் செய்தேன்.

அன்றோடு அவருக்குப் பேச்சு போயிற்று. கார்த்திகை மாதம் செத்தார். கடைசி நாளில் நான் போய்ப் பார்த்தேன். எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கண் ஜாடை காட்டினார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். என் முகத்தையே பார்த்தார். அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும், ஒரே ஒரு வார்த்தை. சடகோபனுக்கு வாரி இறைத்த அதே வார்த்தை. நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன், போர்வையை இழுத்து மூடினேன், அந்த வார்த்தையைக் கொடுக்கவில்லை. எனக்குத் துளி வருத்தமில்லை. இன்னும் ஒரு நாலு வருஷம் இருந்திருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது.

ஆனால் ஒன்று நான் யோசிக்கவில்லை. தப்பே செய்யாமல், மனம் திறக்கவே தேவை இல்லாமல் வாழ்ந்த ஒரே மனுஷர் என்று அவரைச் சொல்லத் தொடங்கினார்கள். அரோகரா முழக்கத்தில் பேச்சை விட்ட மகான் என்று சொல்கிறார்கள். முருகன் படத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் அவர் படத்தை மாட்டியிருக்கிறார்கள். இப்போது நான் உண்மையைச் சொன்னால், பாவம் கோமளாக்காவுக்கு வயசாகிவிட்டது என்பார்கள். அவர் சாமியாகிவிடக் கூடாது என்றுதான் வாயை அடைத்தேன். அடைத்த வாயோடு என் கையாலேயே அவரைச் சாமியாக்கிவிட்டேன். இதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்தப் படத்துக்குப் பூப்போட வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்திருக்கிறார்கள். சங்கத்திலேயே பக்தி மிகுந்தவள் என்று செவ்வாய்க்கிழமையை எனக்குக் கொடுத்தார்கள். நான் வேண்டாம் என்று எப்படிச் சொல்ல முடியும்? போன செவ்வாய் சாமந்தி கிடைக்கவில்லை, அரளி கட்டிப் போட்டுவிட்டு வந்தேன்.